நாலாவது தண்ணீர் பாட்டில்தான் ஜெயித்தது! (பனிப்பூவுக்கு எட்டுக் கை கிடையாது)

வணக்கம் குட்டிகளே! மூக்கு ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்காதீர்கள். காலையிலிருந்து ஃப்ரீசருக்குள் தலையை விட்டபடி இருக்கிறேன். எல்லாம் ஒரு சுவர்ப்படத்தால் வந்தது. நேற்று பரிசாக வந்த படம். 'பனி என்பது உறைந்த மழைத்துளி' என்று எழுதி, பக்கத்தில் எட்டுக் கை வைத்த ஒரு பனிப்பூ. எனக்கு வந்ததே கோபம்!

பனிப்பூவுக்கு ஆறு கைதான். உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாகத்தான் கோத்துக்கொள்ளும். காகிதத்தை மூன்று முறை பாதி பாதியாக மடித்து வெட்டினால் எட்டு வரும், அதைப் பார்த்து வரைந்திருப்பார்களோ என்னவோ.

மழைத்துளியும் இல்லை. மேகத்தில் மிதக்கும் ஒரு தூசியின் மேல் நீராவி தண்ணீராகாமலே நேராகப் பனிக்கட்டியாகப் படிகிறது. மைனஸ் 5 டிகிரி பக்கம் ஊசி ஊசியாக வளரும். மைனஸ் 15 பக்கம் கிளை விட்டுப் பூவாகும்.

ஆலங்கட்டிக்கு வருவோம். அதற்குத்தான் ஃப்ரீசரில் இந்தத் தண்ணீர் பாட்டில்கள். பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாத துளிகள் மேகத்தில் உண்டு என்று போன வீடியோவில் சொன்னதும் நீங்கள் நம்பவில்லை, இல்லையா? முதல் பாட்டில் கல்லாகிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை எடுக்கும்போது கதவில் இடித்துவிட்டேன், கையிலேயே உறைந்துபோனது. நாலாவது, இரண்டு மணி நாற்பது நிமிடம். மூச்சைப் பிடித்து எடுத்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது! பாட்டிலை மேசையில் ஒரு தட்டு தட்டினேன். மேலிருந்து கீழே வெள்ளைத் திரை இறங்குவது போல உறைந்தது பாருங்கள்! இதை ஆறு தடவை ஸ்லோ மோஷனில் போடப் போகிறேன், திட்டாதீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், மூடி திறக்காத சுத்தமான குடிநீர் பாட்டிலாக இருக்கட்டும். தூசி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் உறைந்துவிடும்.

இடிமேகத்தில் மேல்நோக்கி வீசும் காற்று ஒரு பனி உருண்டையைத் தாங்கிப் பிடிக்கும். பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாத அந்தத் துளிகள் அதில் மோதி மோதி உறையும். வேகமாக உறைந்தால் காற்று சிக்கி வெள்ளை அடுக்கு, மெதுவாக உறைந்தால் கண்ணாடி அடுக்கு. காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் பொத்தென்று விழும், அதுதான் ஆலங்கட்டி. 2010-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் விவியன் என்ற ஊரில் விழுந்த ஒன்று 20 செ.மீ. அகலம்!

அப்புறம், பனிப்பூ இறங்கும் வழியில் வெதுவெதுப்பான காற்று குறுக்கிட்டால் உருகிவிடும். கீழே தடிமனான குளிர்காற்று இருந்தால் மறுபடி உறைந்து குட்டி மணிகளாகத் துள்ளும். குளிர்காற்று மெல்லியதென்றால் உறைய நேரமிருக்காது, தண்ணீராகவே வந்து மரக்கிளையில் பட்டதும் கண்ணாடி போல ஒட்டிக்கொள்ளும். இந்த உறைமழையை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பார்க்க அழகு, ஆனால் கனத்தில் கிளையும் மின்கம்பியும் அறுந்து விழும்.

ஐயோ, கிராப்பலை விட்டுவிட்டேனே! பனிப்பூ மேலேயே அந்த உறையாத துளிகள் அப்பிக்கொண்டால் வெள்ளை உருண்டையாகும், விரலால் நசுக்கினால் பொடியாகும். ஆலங்கட்டிக்குப் பல சமயம் இதுதான் நடுக்கரு.

சுவர்ப்படத்தில் இரண்டு கையை அழித்துப் பார்த்தேன், பனிப்பூ நொண்டிப் பூவாகிவிட்டது. முழுசாக வரைய... இருங்கள், ஐந்தாவது பாட்டில் இன்னும் உள்ளேதான் இருக்கிறது!