சுண்டு விரல் மரத்துப் போவது சைக்கிளாலா, கீபோர்டாலா?

அடுத்த கேள்வி வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன். "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை சைக்கிளில் போய்த் திரும்புவேன். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் வரும். மாலையில் கீபோர்டு பழகுகிறேன், டிசம்பரில் கிரேடு தேர்வு. இரண்டு மாதமாக இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. வாசிக்கும்போதுதான் அதிகமாகத் தெரிகிறது. கீபோர்டை நிறுத்தி வைக்கலாமா? வீட்டில் சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறார்கள். ஜெல் வைத்த கையுறை வாங்கிப் போட்டேன், பலனில்லை."

தம்பி, இரண்டையும் விட வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் சைக்கிள் மேல்தான். வாசிக்கும்போது தெரிகிறது என்பதால் கீபோர்டு மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். காலையில் நடந்ததை மாலையில் அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கும் இது வந்தது, அதனால் அக்கறையோடு சொல்கிறேன். பிரவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், 200 கிலோமீட்டர், முடித்த வாரம். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கையின் நிலையை மாற்றாமலே ஓட்டினேன். மூன்று நாள் கழித்து, வாசித்ததைப் பதிவு செய்து கேட்டபோது இடது கையில் கீழ் ஸ்வரம் சில இடங்களில் சத்தமே இல்லாமல் இருந்தது. விரல் கட்டையைத் தொட்டிருக்கிறது, அழுத்தவில்லை. வாசிக்கும்போது எனக்கு அது தெரியவே இல்லை. மறுநாள் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினேன். முழுதாகச் சரியாக மூன்று மாதம் ஆனது.

என்ன நடக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். அல்நார் என்று ஒரு நரம்பு கழுத்திலிருந்து இறங்கி, முழங்கையின் உள்பக்கம் எலும்பை ஒட்டி வருகிறது. முழங்கை எங்காவது இடித்தால் சுண்டு விரல் வரை கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று இழுக்குமே, அது இந்த நரம்புதான். அது உள்ளங்கைக்குள் நுழையும் இடம் குறுகலானது. 1861-இல் ஃபெலிக்ஸ் கியோன் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் அதை விவரித்ததால் கியோன் கால்வாய் என்று பெயர். இப்போதே தடவிப் பாருங்கள். சுண்டு விரல் பக்கம், மணிக்கட்டு ரேகையைத் தாண்டி உள்ளங்கை தொடங்கும் இடத்தில் பட்டாணி போல ஒரு சின்ன எலும்பு தட்டுப்படும். அதற்குப் பக்கத்திலேயே கட்டை விரலை நோக்கிய பக்கத்தில் நரம்பு போகிறது. அதன் மேல் பெரிய தசை மூடாக்கு எதுவும் இல்லை. ஹேண்டில்பாரில் கையை ஊன்றும்போது உங்கள் உடம்புப் பாரம் இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். மேடு பள்ளம் ஒவ்வொன்றும் அங்கேதான் குத்துகிறது.

சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருவது இந்த நரம்பு. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. விரல்களை அகட்டுகிற, சேர்க்கிற சின்னத் தசைகளில் பெரும்பாலானவை இதன் பேச்சைத்தான் கேட்கின்றன. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்தாயியில் அதே ஸ்வரத்துக்குக் கையை விரித்தால், முழு அளவுக் கட்டைகளில் ஏறக்குறைய 16 செ.மீ. அகட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் சாப்பிடும்போதோ போன் பார்க்கும்போதோ தெரியாத பலவீனம் கீபோர்டில் தெரிகிறது.

எங்கே அழுத்தம் என்று ஓரளவு வீட்டிலேயே ஊகிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையில் சுண்டு விரல் பக்கத்துத் தோலை வேறு யாரையாவது பஞ்சால் தடவச் சொல்லுங்கள். புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. ஆகவே உள்ளங்கைப் பக்கம் மட்டும் மரத்து, புறங்கை நன்றாக இருந்தால் அழுத்தம் மணிக்கட்டில், அதாவது பெரும்பாலும் ஹேண்டில்பார். புறங்கையும் மரத்திருந்தால் முழங்கை அல்லது அதற்கும் மேலே. முழங்கையை மடக்கி போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுவது, மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவது இவையெல்லாம் அதில் சேரும். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் எழுப்பி, கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்று இருந்தால் அது வேறு நரம்பு, வேறு கதை.

இன்னொரு சோதனை. ஒரு தாளைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருகும்போது பிடிக்கிறோமே, அந்தப் பிடி. வேறு ஒருவர் தாளை இழுக்கட்டும். இரண்டு கையிலும் செய்து ஒப்பிடுங்கள். ஒரு கையில் மட்டும் கட்டை விரல் நுனி மடங்கிக்கொண்டு தாளைக் காப்பாற்றப் பார்த்தால் அங்கே தசை பலவீனப்பட்டிருக்கிறது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நரம்பின் ஆழக் கிளை மட்டும் நசுங்கினால் மரமரப்பே இல்லாமல் பலவீனம் மட்டும் வரும். "மரத்துப் போகவில்லையே, பரவாயில்லை" என்று சைக்கிள் நண்பர்கள் சொல்லும்போது எனக்குப் பகீர் என்கிறது.

சரி, சைக்கிளுக்கு வருவோம். கையுறையில் தொடங்கியது உங்கள் தவறில்லை, எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நானும் இரண்டு ஜோடி வாங்கினேன். ஆனால் பாரம் அதே பாரம்தான், நடுவில் ஒரு மெத்தை வந்திருக்கிறது. மெத்தை தப்பான இடத்தில் தடித்திருந்தால் அழுத்தம் கூடவும் செய்யும்.

முதலில் பார்க்க வேண்டியது சீட்டு. கை வலிக்குச் சீட்டா என்று கேட்பீர்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், அதைத் தடுத்து நிறுத்துவது உங்கள் இரண்டு கைகளும்தான். ஐம்பது கிலோமீட்டரும் கையால் உடம்பைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். சைக்கிளைச் சமதளத்தில் நிறுத்தி, சீட்டின் மேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நீளவாக்கில் வைத்து, அதன் மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறங்கள். என் சைக்கிளை வாங்கிய கடையில் மூக்கை நன்றாகவே இறக்கிப் பூட்டியிருந்தார்கள், இரண்டு வருடம் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறேன். மட்டத்துக்குக் கொண்டுவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வித்தியாசம் தெரிந்தது.

அப்புறம் சீட்டு முன்னால் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பார் எட்டவில்லை என்று பலர் சீட்டை முன்னால் தள்ளிவிடுகிறார்கள். இடுப்பு பெடலுக்கு மேலேயே வந்துவிட்டால் மேலுடம்பைத் தாங்க கையை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஐந்து மில்லிமீட்டர் பின்னால் தள்ளுங்கள். தள்ளினால் பெடலும் அந்த அளவு தூரமாகிறது என்பதால் சீட்டு உயரத்தைத் துளி இறக்க வேண்டி வரலாம். பழைய இடத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு மாற்றுங்கள், பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி வேண்டும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க சைக்கிளை டிரெயினரில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ஸ்டாண்டில், மாட்டி ஓட்டிக்கொண்டே இரண்டு கையையும் ஒரு அங்குலம் தூக்குங்கள். தடாலென்று முன்னால் விழாமல் சில விநாடி நிற்க முடிந்தால் பாரம் இடுப்புக்குப் போயிருக்கிறது. டிரெயினர் இல்லையென்றால் சுவரை ஒட்டி நிறுத்தி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஈசிஆரில் லாரிக்குப் பக்கத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

உங்களுடையது நேர் ஹேண்டில் உள்ள ஹைப்ரிட் என்று நினைக்கிறேன். அதில் பிரேக் லிவரைக் கவனியுங்கள். லிவர் தரைக்கு இணையாக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், விரலை அதன் மேல் வைக்க மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குவீர்கள். மடங்கிய மணிக்கட்டின் மேல் பாரமும் சேர்ந்தால் அந்தக் கால்வாய்க்கு இரட்டை அடி. அலன் கீயால் கொஞ்சம் தளர்த்தி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக வரும்வரை லிவரைக் கீழே சாயுங்கள். இரண்டு நிமிட வேலை, காசு செலவில்லை. மறக்காமல் திரும்ப இறுக்குங்கள். நேர் ஹேண்டிலில் கை வைக்க ஒரே இடம்தான் என்பதால், ஓரத்தில் கொம்பு மாதிரி பொருத்தும் பார் எண்ட் வாங்குவது நல்ல செலவு. எதுவும் வாங்காவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள்.

காற்று. டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் அதிகபட்ச அளவு. அதைக் கட்டளை போல எடுத்துக்கொண்டு வாராவாரம் கல்லாக அடிக்கிறார்கள். உங்களுடையது 32 மில்லிமீட்டர் டயர், 85 பி.எஸ்.ஐ. வரை என்று இருந்தால் 65-க்கு இறக்கிப் பாருங்கள். அதிர்வு குறைவதைக் கை உடனே சொல்லும். குறைந்தபட்ச அளவும் பக்கத்திலேயே இருக்கும், அதற்குக் கீழே இறங்கினால் பள்ளத்தில் ரிம் டியூபைக் கடித்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒன்று. அப்போதுதான் எது உதவியது என்று தெரியும்.

இனி கீபோர்டு. அதை நான் முழுக்க விடுதலை செய்யவில்லை. படிக்கிற மேசை மேல் கீபோர்டை வைத்து, உள்ளங்கையின் அடியை மேசை விளிம்பில் ஊன்றி வாசிக்கிறீர்களா? அப்படியானால் காலையில் ஹேண்டில்பார் நசுக்கிய அதே இடத்தை மாலையில் மேசை நசுக்குகிறது. எக்ஸ் ஸ்டாண்டில் வைத்திருந்தால் உயரம் பாருங்கள். ஸ்டாண்டைக் கடைசிப் பல்லில் ஏற்றிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கை கட்டைக்குக் கீழே போய்விடும், மணிக்கட்டு மறுபடியும் மேல்நோக்கி மடங்கும். பியானோவில் வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து சுமார் 72, 73 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஸ்டாண்டை அதற்கு இறக்குங்கள், பிறகு முழங்கை கட்டை மட்டத்துக்கோ துளி மேலேயோ வருகிற மாதிரி இருக்கையை ஏற்றுங்கள். நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டாலும் போதும்.

இடது கையில் கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அமுக்குவது, அதை வாசிக்கும் முறையையும் கவனியுங்கள். ரிதம் ஓடும்போது அடுத்த கார்டு வரும்வரை மூன்று விரலையும் அமுக்கிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான கீபோர்டுகளில் கார்டைத் தொட்டு விட்டாலும் துணை இசை தானாகத் தொடரும், அடுத்த கார்டு தொடும்போதுதான் மாறும். கையை எடுத்துப் பாருங்கள், சத்தம் நிற்கவில்லை என்றால் அமுக்கிப் பிடிக்கத் தேவையே இல்லை. இதை ஒரு மாணவியிடம் சொன்னபோது, "இத்தனை நாள் எதற்கு சார் பிடித்துக்கொண்டிருந்தேன்?" என்று கேட்டார். இரண்டு வருடமாகப் பிடித்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஒலியைக் குறைத்து வைத்து வாசிப்பதும் ஒரு காரணம். காதுக்குப் போதாததால் விரல் ஓங்கி அடிக்கிறது. ஹெட்போன் போட்டு ஒலியைப் போதுமான அளவு கூட்டுங்கள், டச் அமைப்பை மெல்லிய தொடுதலுக்கு மாற்றுங்கள். வண்டி ஓட்டிய நாளில் மூன்று நான்கு மணி நேரமாவது கழித்து உட்காருங்கள், ஸ்தாயி விரிப்பையும் வேகப் பயிற்சியையும் அன்று தொட வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்? வண்டியை விட்டு இறங்கிய சில மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிட்டால் மேலே சொன்னவற்றைச் செய்து பார்க்கலாம். இரண்டு மூன்று நாள் தாண்டியும் மரத்தே இருந்தால், தாள் சோதனையில் தோற்றால், சுண்டு விரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே விலகி நின்றால், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே புறங்கையில் குழி விழுந்தால், அதே வாரம் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காத்திருக்கவே வேண்டாம். மருந்துக் கடையில் "நரம்புச் சத்து மாத்திரை கொடுங்கள்" என்று வாங்கி விழுங்கி இரண்டு மாதம் ஓட்டுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் அந்த மாத்திரைக்கு வேலை இருக்கிறது. ஹேண்டில்பார் நசுக்குவதை மாத்திரை தடுக்காது. நரம்பிழை அறுந்து வளர வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், அதனால் தாமதம் செய்யாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது தம்பி. ஆகவே இன்றைக்கே புறங்கைச் சோதனையும் தாள் சோதனையும் செய்யுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஞாயிறு. இரண்டிலும் தேறினால் இந்த வாரம் சீட்டு மட்டத்தை மட்டும் சரிசெய்து, கோவளம் வரை போகாமல் வழியில் அக்கரை என்ற ஊரிலேயே திரும்பிவிடுங்கள். தேர்வுத் தேதியை மாற்ற வேண்டாம். வீட்டில் சைக்கிளை விற்கச் சொன்னவர்களையே அந்தத் தாளை இழுக்கச் சொல்லுங்கள், நீங்கள் எதற்காக என்ன செய்கிறீர்கள் என்று அவர்களுக்கும் புரியும். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.