ராஸ்பெரி பை: போர்டு பிடிக்கும், பங்கு?

[திரையில்: உள்ளங்கையில் ஒரு பச்சைப் போர்டு]

இது ராஸ்பெரி பை. பிள்ளைகள் புரோகிராமிங் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் உருவாக்கி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த குட்டிக் கம்ப்யூட்டர். 2024 ஜூனில் இந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தது. ஐபிஓ, அதாவது முதல்முறை பொதுமக்களுக்குப் பங்கு விற்ற விலை, 280 பென்ஸ். அந்தக் கணக்கில் கம்பெனியின் மதிப்பு சுமார் 54 கோடி பவுண்டு.

என்னிடமும் இரண்டு போர்டு இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் பயம். பிடித்த பொருள் என்றால் கணக்கைப் பார்க்கும்போது கண் மங்கிவிடும்.

சரி, இதை வாங்குவது யார்? மாணவர்கள் என்று நினைத்தால் தப்பு. 2023-இல் விற்றதில் 72 சதவீதம் தொழில்துறைக்குப் போனது. இந்தப் போர்டை நம்பி ஒரு மெஷினை வடிவமைத்தவர் லேசில் வேறு போர்டுக்கு மாற மாட்டார். சாஃப்ட்வேர், சோதனை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே. எனக்கு இந்தப் பங்கில் பிடித்த விஷயம் இதுதான்.

[திரையில்: 36 டாலர், அதில் 9 டாலர்]

இப்போது காசு. 2023-இல் 74 லட்சம் போர்டு, 26.58 கோடி டாலர் வருமானம், 6.6 கோடி டாலர் மொத்த லாபம் (தயாரிப்புச் செலவை மட்டும் கழித்தது). வகுத்துப் பாருங்கள்: போர்டுக்குச் சுமார் 36 டாலர் வருகிறது, 9 டாலர் தேறுகிறது. சம்பளம், ஆராய்ச்சி, வரி எல்லாம் இந்த ஒன்பதுக்குள்தான்.

2024-இல் வருமானம் 2 சதவீதம்தான் குறைந்தது. வரிக்கு முந்தைய லாபமோ 3.82 கோடியிலிருந்து 1.63 கோடி டாலருக்கு விழுந்தது! பங்குச் சந்தையில் பட்டியலிட ஆன செலவும் அதில் உண்டு என்றாலும், சறுக்கல் சின்னதல்ல. சிப் தட்டுப்பாட்டுக் காலத்தில் பயந்துபோய் வாங்கிக் குவித்தவர்கள், கையில் இருந்ததைத் தீர்க்கும்வரை புது ஆர்டரைத் தள்ளிப்போட்டார்கள்.

அப்புறம் சப்ளை. போர்டைப் பொருத்துவது வேல்ஸில் உள்ள சோனி ஆலை, முக்கிய சிப் பிராட்காம் நிறுவனத்துடையது. மெமரியும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2025 கடைசியில் மெமரி விலை எகிறியபோது பை 5 என்ற மாடலின் விலையைக் கூட்ட வேண்டி வந்தது. மலிவு என்பதற்காகவே பெயர் வாங்கிய பொருள் இது!

நான் இன்னும் வாங்கவில்லை. அடுத்த அறிக்கை வந்ததும் லாபப் பக்கத்துக்கு முன்னால், கையிருப்பில் எவ்வளவு சரக்கு தேங்கியிருக்கிறது, அந்த 9 டாலர் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்ப்பேன்.