ஊர் மாறிப்போச்சாம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

ஜூலை பிறந்துவிட்டால் திருகோணமலையில் ஒரு வசனம் எங்கும் காதில் விழும். உட்துறைமுக வீதித் தேநீர்க்கடையில், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில், செத்தவீட்டுப் பந்தலில்கூட: "ஊர் முந்தின மாதிரி இல்லை." சொல்கிறவர் பெரும்பாலும் லண்டனிலிருந்தோ ஸ்காபரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தவராக இருப்பார். கேட்டுக்கொண்டிருப்பவர் இங்கேயே பிறந்து இங்கேயே இருப்பவர். "உங்களுக்கென்ன, அங்க நல்லா இருக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சை மாற்றுவார். இரண்டு பேருக்கும் மனசுக்குள் கொஞ்சம் கோபம் இருக்கும்.

நான் நொத்தாரிசு. காணி உறுதி எழுதுவது என் தொழில். புலம்பெயர்ந்தோரின் ஊர்ப்பற்றைப் பற்றி மேடையில் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பேர்ச் கணக்கில் வருகிற ஊர்ப்பற்று. 160 பேர்ச் ஒரு ஏக்கர். உறுதியும் வரைபடமும் மேசைக்கு வந்த பிறகு ஆட்கள் சொல்லும் கதையே வேறு. அங்கேயிருந்து பார்த்துச் சொல்கிறேன்: வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அந்த நாட்டையும் இந்த ஊரையும் ஒப்பிடும்போது தன்னை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊர் தானாக மாறிக்கிடப்பதாக நினைக்கிறார். மாற்றியவர்களில் தானும் ஒருவர் என்பது அவருக்குத் தோன்றுவதேயில்லை.

உப்புவெளியில் ஒரு காணி. பழைய உறுதியில் எல்லை இப்படி: வடக்கே வேலி, தெற்கே ஒழுங்கை, மேற்கே வீதி, கிழக்கே கடல். கடலையே எல்லையாக எழுதிய காலத்து உறுதி அது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்தக் கிழக்கு எல்லையை நில அளவையாளர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பது தனிக்கதை. வாங்க வந்தவர் கனடாக்காரர். அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் காணி என்பதால் அவருக்கு ஆசை. விற்கிறவர் பாரிசில். அவருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தோடு மைத்துனர் வந்து உட்கார்ந்திருந்தார். என் மேசையில் தபாற்பெட்டிக்கு மேல் ஒரு கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள், வாட்ஸ்அப்பில் பாரிஸ்காரர்.

விலையைக் கேட்டதும் கனடாக்காரர் எழும்பி நின்றுவிட்டார். "தங்கச்சி, ஒரு பேர்ச்சுக்கு இவ்வளவா? அங்க மோர்ட்கேஜ் கட்டுற எனக்கே தலை சுத்துது. இது எங்கட உப்புவெளிதானே!"

கைபேசிக்குள்ளிருந்து பதில் வந்தது: "அண்ணை, பக்கத்துக் காணி என்ன விலைக்குப் போனது எண்டு கேட்டுப் பாருங்கோ. அந்த விலைக்குக் கீழ நான் இறங்க மாட்டன்."

பக்கத்துக் காணியை வாங்கியவர் நோர்வேயில் இருக்கிறார். விற்பவர், வாங்குபவர், முந்தி வாங்கியவர் என்று மூன்று பேர், ஒருவருக்கும் உப்புவெளியில் சமையலறை இல்லை. விலையை ஏற்றியது இந்த மூவரும்தான், கூடவே விருந்தினர் விடுதிக் கனவோடு கொழும்பிலிருந்து வருகிற பணம். இதே காணியை முதலில் கேட்டவர்கள் ஒரு ஆசிரியர் தம்பதி. வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்துப் பார்த்தார்கள், மாதத் தவணையைக் கேட்டார்கள், அதற்குப் பிறகு வரவில்லை. கன்னியாப் பக்கம் உள்ளே போய் எங்கோ வாங்கியிருப்பதாகக் கேள்வி. வெந்நீர்க் கிணற்றடிக்குச் சுற்றுலா போன ஊரில் இப்போது குடியிருக்கப் போகிறார்கள். அவர்களும் "ஊர் மாறிப்போச்சு" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

கனடாக்காரருக்கு இன்னொரு இடியும் காத்திருந்தது. கனடாக் குடியுரிமை எடுத்தவர் இலங்கைக் குடியுரிமையை இழந்துவிடுகிறார், இரட்டைக் குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பித்துப் பெற்றிருந்தாலே ஒழிய. அப்படிப் பெறாதவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2014-ன் 38-ம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. நெருங்கிய உறவுக்கு முதுசமாகவோ நன்கொடையாகவோ போவதற்கு விலக்கு உண்டு. நாலாம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடி வீடு என்றால் வெளிநாட்டுப் பணம் கொண்டுவந்து வாங்கலாம். நம்முடைய ஊரில் அப்படியொரு மாடியைக் கண்டால் எனக்கும் சொல்லுங்கள். "நான் மெத்தடிஸ்ட் ஒழுங்கையில் பிறந்தவன், நான் வெளிநாட்டவனா?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். அக்கா பிளாஸ்கில் இருந்து தேநீரை ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்தது விலைவாசி. சந்தையில் பாரை மீன் கிலோ என்ன விலை என்று கேட்டு, மனதுக்குள் பவுணுக்கு மாற்றி, "மலிவு" என்பார்கள். அடுத்த நாள் பிரிமா மாவையும் பால்மாவையும் பார்த்து, "அங்கேயும் இதே விலைதான்" என்பார்கள். பவுணில் உழைப்பவருக்கு மாற்றிப் பார்க்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. ரூபாயில் சம்பளம் எடுப்பவர் எதிலிருந்து எதற்கு மாற்றுவது? 2022-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 7 வரை வங்கியில் டொலரை 203 ரூபாய்க்குள் கட்டி வைத்திருந்தார்கள். வெளியே உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் காசு கைமாற்றுகிற வழியில், அதற்கு மேல் கிடைத்தது. அனுப்புகிறவர்கள் உண்டியலுக்குப் போனார்கள். 2020-ல் வங்கி வழியாக நாட்டுக்கு வந்த உழைப்புப் பணம் 7.1 பில்லியன் டொலர், 2022-ல் அது 3.8 பில்லியனுக்கு இறங்கியது. மே மாதம் டொலர் 360 ரூபாய். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். வங்கியை நம்பாதது அனுப்பியவர்களின் குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு மருந்துக்கு அனுப்புகிறவர் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை நினைத்து அனுப்புவாரா? ஆனால் அந்த ஆண்டில் ஒரே தெருவில் இரண்டு வீடு இரண்டு விதமாக வாழ்ந்தது. வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீட்டுக்கு ரூபாய் விழ விழ வருமானம் கூடியது. பிள்ளை இல்லாத வீடு காஸ் சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு விறகுக்குப் போனது. அந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. கல்யாண மண்டபக் கட்டணத்திலிருந்து ஓட்டோக்காரர் ஆகஸ்டில் கேட்கும் காசு வரை அதுதான் தீர்மானிக்கிறது.

எங்கள் பக்கத்துப் பிழையையும் சொல்லிவிட வேண்டும், சுருக்கமாக. படத்தில் வருகிற பனியையும் காரையும் பார்த்து நாங்களும் ஒப்பிடுகிறோம். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, இரவு வேலையும் பகல் வேலையும் செய்து வாங்கிய கார் அது என்பது படத்தில் தெரியாது. விமான நிலையத்தில் சொக்லேட்டை எதிர்பார்த்துப் போகிற சொந்தக்காரர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நேரம் போதாது.

ஓய்வெடுத்த பிறகு ஊரோடு வந்துவிடலாமா என்று கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். எண்பதுகளில் போனவர்களுக்கு வயது வந்துவிட்டது. "அங்க கவுன்சில் வரி, ஹீற்றிங் பில், இங்க காற்று சும்மா வருது" என்பார்கள். சரி, காற்று சும்மாதான் வருகிறது. ஆனால் பிரித்தானிய அரசாங்க ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு இலங்கையில் குடியேறினால், ஆண்டுதோறும் அங்கே கூடுகிற தொகை இங்கே கூடாது. இங்கிருந்து எடுக்கத் தொடங்கும்போது என்ன தொகையோ அதிலேயே நின்றுவிடும். 2025 ஏப்ரலில் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 221 பவுணிலிருந்து 230 பவுணாகக் கூடியது. அதற்கு முன்பே ஓய்வூதியத்தோடு இங்கே வந்து குடியிருந்தவருக்கு அந்த 9 பவுண் இல்லை. பத்து வருடத்துக்குப் பிறகு பாரை மீன் விலை என்னவாக இருக்கும் என்று இப்போது கணக்குப் போடுங்கள். கனடாவின் முதியோர் ஓய்வூதியம் வேறு மாதிரி: 18 வயதுக்குப் பிறகு அங்கே 20 வருடம் இருந்தவருக்கு எந்த நாட்டில் இருந்தாலும் வரும், ஆனால் வருமானம் குறைந்தோருக்கான மேலதிகக் கொடுப்பனவு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். ஒன்ராறியோவின் இலவச மருத்துவ அட்டையை வைத்திருக்க எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், அது பெரிய விஷயம். ஆனால் நோய் சிக்கலானால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும், கொழும்பு 260 கிலோமீற்றர். இதையெல்லாம் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். கடற்கரையில் கால் நனைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கடற்கரைதான் வெல்லும்.

வெளிநாடு என்றால் லண்டனும் கனடாவும் மட்டும் என்பது எங்கள் நகரத்து நினைப்பு. கிண்ணியாவிலும் மூதூரிலும் போய்க் கேளுங்கள். அங்கே வெளிநாடு சவூதி, கட்டார், குவைத். அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும் குடியுரிமை கிடையாது, திரும்பித்தான் வர வேண்டும். அதனால் அவர்களுடைய ஒப்பீட்டில் ஏக்கம் குறைவு, கணக்கு கூட. கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்றவர்கள் 2009 அக்டோபர் 20 முதல் பாலத்தில் போகிறார்கள். 396 மீற்றர், திறந்தபோது இலங்கையின் மிக நீளமான பாலம் என்றார்கள். கட்டியது சவூதி உதவிப் பணத்தில். அந்த ஊர் ஆட்கள் உழைக்கப் போன நாட்டின் காசு பாலமாகவும் வந்து நிற்கிறது.

குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பிய ஒரு தாத்தா என்னிடம் வந்தார். அக்காவைத்தான் அங்கே முஸ்லிம் மக்கள் தாத்தா என்பார்கள். போகிற ஒவ்வொரு தவணைக்கும் ஒரு அறை என்று கட்டிய வீடு. மகனுக்கு எழுத வேண்டும் என்றார். எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி, "மிஸ், நான் மௌத்தாகும் வரைக்கும் இவன் விக்கேலாத மாதிரி எழுதலாமா?" என்று கேட்டார். மகன் பக்கத்தில்தான் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டான். நன்கொடை உறுதியில் சீவிய உரித்தை, அதாவது சாகும் வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அவருக்கு ஒதுக்கி எழுதினோம். குவைத் நல்லதா ஊர் நல்லதா என்று நான் கேட்டுப் பார்த்தேன். "அங்க வெயில், இங்க வெயில். அங்க மாசம் முடிய காசு வந்த" என்றார். கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

எல்லா மாற்றத்தையும் வெளிநாட்டுக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஊரைவிட்டு அவர்கள் சும்மா போகவில்லை. 83, 85, 90 என்று அவர்கள் புறப்பட்ட வருடத்தைச் சொன்னாலே, கலவரமும் யுத்தமும்தான் காரணம் என்று விளங்கும். கடவுச்சீட்டு எடுக்காமலே ஊரை இழந்தவர்களும் இருக்கிறார்கள். சம்பூர் மக்கள் 2006-ல் இடம்பெயர்ந்தார்கள். கிளிவெட்டி முகாமில் இருந்தவர்கள் சொந்த மாவட்டத்துக்குள் இருந்துகொண்டே சொந்த ஊருக்குப் போக முடியாமல் 2015 வரை காத்திருந்தார்கள். போனபோது கிணறு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அவர்கள் எந்த நாட்டோடு ஒப்பிடுவார்கள்?

கடைசியாகத் தொழில் பேச்சு. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டிய வீட்டையும் வெறும் காணியையும் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுப் பத்து வருடம் எட்டிப் பார்க்காமல் இருக்காதீர்கள். 1871-ம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்களுடைய உரிமையை ஏற்காமல், தடையின்றி, பத்து வருடம் ஒருவர் ஆண்டுவிட்டால் அவர் வழக்குப் போட்டு உரித்துக் கேட்கலாம். 1983 மே முதல் 2009 மே வரை யுத்தத்தால் வர முடியாதவர்களுக்கு 2016-ல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதுவும் குறுகிய காலத்துக்குத் திறந்த கதவு. காணியில் இருப்பவரோடு ஒரு எழுத்து ஒப்பந்தம் செய்யுங்கள். வருகிறபோது பதிவகத்தில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அற்றோணித் தத்துவத்தை அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக் கொண்டு வாருங்கள், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் எழுத மாட்டேன்.

விற்கிற எண்ணம் இருந்தால், முதலில் கேட்டது யார் என்று பக்கத்து வீட்டில் ஒரு தடவை விசாரியுங்கள். அந்த ஆசிரியர் தம்பதி மாதிரி ஆட்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். தவணைக்குத் தந்தால் வாங்குவார்கள்.

நன்றி, வணக்கம்.