கலப்பது சுத்திகரிப்பு ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். ஊருக்குப் பக்கத்தில் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றால் எல்லோரும் புகைபோக்கியைப் பற்றித்தான் பேசுகிறோம். நான் பேச வந்தது கழிவுநீர் வாய்க்காலைப் பற்றி.

ரசத்தை அடுப்பிலேயே மறந்துவிட்டால் நீர் வற்றும், உப்பு தங்கும், வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். ஆலையின் சூடான நீரை ஆற்றும் குளிர்கோபுரத்திலும் அதேதான். நீர் ஆவியாகப் போகிறது, உப்பு தங்குகிறது. அளவு மீறினால் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டென்சரின் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். அதனால் கரித்த நீரில் ஒரு பகுதியைத் திறந்துவிடுவார்கள். ஆயிரம் லிட்டர் ஆவியானால், உப்பு இரண்டு மடங்கானதுமே திறந்துவிடும் ஆலை இன்னொரு ஆயிரம் லிட்டரைக் கழிவாக்கும். ஐந்து மடங்கு வரை தாங்கும்படி நீரைப் பக்குவம் செய்த ஆலைக்கு 250 லிட்டரே கழிவு. ஆகவே முதல் கேள்வி: எத்தனை மடங்கு?

அந்தக் கழிவில், குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்த்த துத்தநாகம் இருக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு. 5 மில்லிகிராம் உள்ள நீர் ஒரு பங்கு, நல்ல நீர் ஒன்பது பங்கு என்று கலந்துவிட்டுக் கடைசி வாய்க்காலில் அளந்தால் 0.5 காட்டும். தாளில் தேர்ச்சி! ஆற்றுக்குப் போன துத்தநாகமோ அணுவளவும் குறையவில்லை. கலப்பது சுத்திகரிப்பு ஆகாது. ஒவ்வொரு கழிவையும் அது பிறக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும்.

கொதிகலனுக்கு நீர் தயாரிக்கும் பிரிவிலும் இதே கதைதான். நீரிலுள்ள உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளைக் கழுவிய ஆசிட் நீரும் காஸ்டிக் சோடா நீரும் ஒரே தொட்டியில் சேர்ந்து, பம்ப் போட்டுச் சுழன்று, பி.எச். (நீர் ஆசிட்டா காரமா என்று காட்டும் எண், 7 என்றால் நடுநிலை) 6.5-க்கும் 8.5-க்கும் இடையே நின்ற பிறகே வெளியேற வேண்டும். தொட்டி சிறிதாக இருந்தால், காஸ்டிக் வருவதற்குள் ஆசிட் நிரம்பி வழியும். மீட்டரின் முனையில் அழுக்குப் படிந்தாலும் ஆபத்து. பொய்யாக 7 காட்டும், வால்வு திறந்துகொள்ளும். அங்கேயும் வெறும் நீரை ஊற்றிச் சமாளிக்க முடியாது. பி.எச். 2 உள்ள ஒரு லிட்டரை 4-க்குக் கொண்டுவரவே நூறு லிட்டராக்க வேண்டும்.

நன்னீர் எடுக்கும் புதிய ஆலை கழிவுநீரை வெளியே விடவே கூடாது என்கிறது விதி. நிலக்கரிக் குவியலில் தெளிப்போம், சாம்பலில் கலப்போம் என்று சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் எழுதுவார்கள். சரி, ஐப்பசி அடைமழையில் நிலக்கரிக்கு எதற்குத் தெளிப்பு? அந்த மாதத்து நீர் எந்தத் தொட்டியில் நிற்கும், எத்தனை நாளுக்கு நிற்கும்? ஆலைக்கு அனுமதி தருமுன் ஊர் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். நீர்க் கணக்கை மாதவாரியாகக் கேளுங்கள்.

சாம்பல் குளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அடியில் கசியாத விரிப்பு உண்டா, தெளிந்த நீர் ஆலைக்கே திரும்புகிறதா, சுற்றிலும் சோதனைக் கிணறுகள் எத்தனை என்று கேளுங்கள். கட்டுமானம் தொடங்கும் முன்பே உங்கள் கிணற்று நீரை ஒரு முறை சோதித்து, தேதியோடு சான்றை எடுத்து வையுங்கள். வணக்கம்.