எல்லா கஸ்டமருக்கும் ஒரே போன் நம்பரா? 2147483647 செய்யுற வேலை!

(திரையில்: கஸ்டமர் பட்டியல். போன் நம்பர் நெடுவரிசை முழுக்க 2147483647)

மைஎஸ்கியூஎல்-ங்கிற டேட்டாபேஸ்ல போன் நம்பரை ‘இன்ட்’னு (32 பிட் முழு எண்) வெச்சு, தப்பான மதிப்பைத் தடுக்கிற ஸ்ட்ரிக்ட் மோடையும் ஆஃப் பண்ணிட்டா இந்தக் கூத்துதான் நடக்கும். இன்ட்டோட உச்சவரம்பு 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம்ம மொபைல் நம்பர் எல்லாம் 6, 7, 8, 9-ல தொடங்குற பத்து இலக்கம். வரம்பைத் தாண்டினா உச்சத்துல நிறுத்திடும், அசல் நம்பர் போச்சு. போன் நம்பரை யாரும் கூட்டிப் பெருக்கப் போறதில்லையே! எழுத்தா சேமிக்கிற வார்ச்சார்ல போடுங்க.

ஏன் இந்த எண்? 32 பிட்ல ஒண்ணு பிளஸ்-மைனஸ் குறிக்குப் போக, மிச்சம் 31-லயும் 1 நிரப்பினா இதுதான். அதாவது 2-இன் 31-ஆம் அடுக்குல ஒண்ணு கம்மி. பின்னணி அவ்வளவுதான், வாங்க விருந்துக்கு.

இது பகா எண். அடுக்கு பகா எண்ணா இருந்தா விடையும் பகா எண்தான்னு அவசரப்படாதீங்க: 2-இன் 11-ஆம் அடுக்குல ஒண்ணு கழிச்சா 2047, அது 23 × 89. நிரூபிச்சாகணும். 1772 வாக்குல, பார்வை ஏறக்குறைய முழுசா போயிருந்த கணித மேதை ஆய்லர் நிரூபிச்சார்.

பகு எண்ணா இருந்தா, வர்க்கமூலத்துக்குள்ளயே ஒரு பகா எண் அதை வகுத்தாகணும். இதோட வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரைக்கும் நாலாயிரத்துக்கு மேல பகா எண் இருக்கு. அத்தனையாலயும் கையால வகுக்க முடியுமா? அவர் வடிகட்டினார்.

(திரையில்: p)

p-ங்கிற பகா எண் இதை வகுக்குதுன்னு வைங்க. அப்போ 2-இன் 31-ஆம் அடுக்கை p-ஆல வகுத்தா மீதி 1. ஃபெர்மாங்கிற கணிதவியலாளரோட தேற்றப்படி 2-இன் p−1-ஆம் அடுக்குக்கும் மீதி 1. 31 பகா எண், அதனால p−1 அதோட மடங்கா இருந்தே ஆகணும். p ஒற்றைப்படை, p−1 இரட்டைப்படை. ஆக, p−1 வந்து 62-இன் மடங்கு.

அடுத்த வடிகட்டிதான் எனக்குப் பிடிச்சது. 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி 2. ஆனா அது 16-ஆம் அடுக்கோட வர்க்கம்! ஒரு வர்க்கத்துக்கு மீதி 2 வரணும்னா, p-ஐ 8-ஆல வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி வரணும். ரெண்டையும் சேர்த்தா, p-ஐ 248-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 63. அப்படிப்பட்டது 46,340-க்குள்ள 373 எண்தான்.

அதுலயும் 63 பகு எண், 249 வந்து 3 × 83. நிஜமா வகுக்க வேண்டிய முதல் ஆள் 311: ஈவு 69,05,092, மீதி 35. அடுத்தது 1303-தான், நடுவுல எல்லாம் பகு எண். இப்படியே கடைசி வரை போனாலும் மீதி பூஜ்யமே வராது.

இந்த எண்ணை n-னு வெச்சு, 2, 3, 4-னு ஏறுற i-ஆல வகுத்துப் பார்க்க ஜாவா மொழியில இன்ட்லயே நிரல் எழுதுறவங்க கவனிங்க. லூப்ல i * i <= n-னு எழுதினா, 46341-ஐ வர்க்கப்படுத்தினதுமே வரம்பு தாண்டி மைனஸ்ல விழும். n-ஏ உச்சவரம்புங்கிறதால நிபந்தனை எப்பவும் சரி! i ஊர்ந்து ஊர்ந்து n-ஐயே தொட்டு, மீதி 0-னு பார்த்து, ‘பகு எண்’னு சத்தியம் பண்ணும். i <= n / i-னு எழுதுங்க, தீர்ந்தது.

கொசுறா ஒண்ணு: இதை 2-இன் 30-ஆம் அடுக்கால பெருக்கினா 2305843008139952128, ஒரு நிறைவெண்: தன்னைத் தவிர அதை வகுக்கிற எண்களையெல்லாம் கூட்டினா அதுவே வரும்.

இப்ப உங்க முறை. 2-இன் 29-ஆம் அடுக்குல ஒண்ணு கழிச்சா 536870911. இதே வடிகட்டியை 58-ஐ வெச்சுப் போடுங்க. எத்தனாவது வகுத்தல்ல உடையுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. கால்குலேட்டர் தொடக் கூடாது!