பேர் தெரியாமல் பிடுங்காதீர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். "வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த செடியை வைப்பதா, பிடுங்குவதா?" என்ற கேள்விக்கு, வைப்போம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அக்கா மூன்று குற்றம் சாட்டினார். களை உரத்தைத் தின்னும், கொசு வரும், பாம்பு வரும். முதலாவது சரி. கத்தரிப் பாத்தியில் முளைத்தால் நானும்தான் பிடுங்குவேன். ஆனால் அக்கா, கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். செடியை விடுங்கள், அதன் பக்கத்தில் மழைநீரோடு கிடக்கிற கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் போடுங்கள். பாம்புக்குப் பயந்தால் நடக்கிற வழியைச் சுத்தமாக வைப்போம். வேலியோரம் என்ன பாவம் செய்தது?

எங்கள் வேலியோரத்தில் ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. வேரை முகர்ந்தது, கடித்தது, அதன்மேலேயே புரண்டு புரண்டு எழுந்தது. அம்மா சொன்னார்: "குப்பைமேனிடா அது. பூனைவணங்கின்னும் பேரு." அதுவரை எனக்கு அது வெறும் புல். பேர் தெரிந்த பிறகு கை தயங்குகிறது, நடுவர் அவர்களே.

வேட்டி தும்பைப்பூவாக வெளுத்திருக்கிறது என்கிறோம். தும்பையைப் பார்த்த பிள்ளைகள் இந்த அரங்கில் எத்தனை பேர்? முடக்கத்தான் கொடியை அறுத்து எறிந்துவிட்டு, அதே கீரையைக் காசு கொடுத்து வாங்கித் தோசைக்கு அரைக்கிறோம்.

பார்த்தீனியத்தையும் வைப்பீர்களா என்று அக்கா கேட்டார். மாட்டோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, நாடெல்லாம் பரவிய செடி அது. தோல் அரிக்கும், மூச்சு இழுக்கும், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். இலை கேரட் இலை போல இருக்கும். கையுறை போட்டு, பூக்கும் முன்பே வேரோடு எடுங்கள். அதை இனம் கண்டு எடுக்கவும் பேர் தெரிய வேண்டும் அல்லவா?

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, உண்மைதான். அதனால் குழந்தைகள் விளையாடாத மூலையில் ஒன்றே ஒன்று விட்டிருக்கிறோம். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடுகிறது. எங்கள் ரோஜா இலையில் முட்டையிட்டால் அதன் புழு பட்டினிதான் கிடக்கும். போன வாரம் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வளையம் போட்ட புழு ஒன்று இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்று காலை அதே எருக்கில் பச்சை மணி போல ஒரு கூட்டுப்புழு தொங்குகிறது. அது திறக்கிற நாள்வரைக்குமாவது அந்தச் செடி நிற்க, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள், நடுவர் அவர்களே.