போர்டு போய்விட்டது என்று சொல்வதற்கு முன்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இண்டக்ஷன் அடுப்பு பழுதாகிக் கடைக்கு வரும்போது, அதைத் தூக்கி வருகிறவர்களே பெரும்பாலும் முடிவையும் சொல்லிவிடுகிறார்கள். "போர்டு போயிடுச்சு போல, எவ்வளவு ஆகும்?" போர்டு என்றால் அடுப்புக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை. சில கடைகளில் திறந்துகூடப் பார்க்காமல் அதற்கு ஒரு விலையும் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டதும், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் புது அடுப்பே வாங்கிவிடலாமே என்று தோன்றும். பழையது பரணுக்குப் போகும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரரிடம். இது எனக்கு மனதை உறுத்துகிற விஷயம். அப்படித் தூக்கிப் போடும் அடுப்புகள் பலவற்றில் கெட்டுப்போனது ஒரு சின்னப் பாகம்தான். சிலவற்றில் அடுப்பில் பழுதே இருக்காது, சுவரில் உள்ள சாக்கெட்டில்தான் இருக்கும்.

இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் மற்றது புரிந்துவிடும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை, பிரிட்ஜ் என்ற பாகம் சுமார் 320 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. அதை ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்ச், வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திறந்து மூடி, செம்புக் காயிலுக்குள் அனுப்புகிறது. காயிலைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, பாத்திரம் சூடாகிறது. இந்த ஐ.ஜி.பி.டி.யை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கியவர் ஜெயந்த் பலிகா. சென்னையில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். நம் சமையலறையில் அவருடைய கண்டுபிடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, விஷயத்துக்கு வருவோம். போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் நான்கு விஷயங்களை ஓயாமல் கவனிக்கிறது: கண்ணாடித் தட்டின் சூடு, ஐ.ஜி.பி.டி.யின் சூடு, வருகிற வோல்டேஜ், காயிலில் ஓடும் மின்னோட்டம். இவற்றில் ஒன்று சரியில்லை என்று தெரிந்தால் அடுப்பை நிறுத்தி, ஈ 1, ஈ 3 என்று ஒரு குறியீட்டைக் காட்டும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் அடுப்போடு வந்த கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அது எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள்.

அடுப்பு ஆறிக் கிடக்கும்போது ஆன் செய்த உடனேயே "அதிக சூடு" என்று காட்டினால், அங்கே சூடே இல்லை என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் சூட்டை அளக்கும் சென்சாரோ அதன் வயரோதான் பொய் சொல்கிறது. காயிலின் நடுவில், கண்ணாடியை ஒட்டி, வெள்ளைப் பசை தடவி வைத்திருக்கும் சின்னப் பாசிமணி போன்ற பாகம்தான் அது, தெர்மிஸ்டர் என்பார்கள். பெரும்பாலான அடுப்புகளில் இது 25 டிகிரியில் 100 கிலோ ஓம் மின்தடை காட்டும் வகை. நம் ஊர் வெயிலில், 32 டிகிரி அளவில், 75 கிலோ ஓம் பக்கம் வரும். பழகியவர்கள் பிளக்கைப் பிடுங்கி, சென்சாரைப் போர்டிலிருந்து கழற்றி மீட்டரில் அளக்கும்போது, அதை விரலால் பிடித்தால் அளவு மெல்ல இறங்க வேண்டும். இறங்காமல் அப்படியே நின்றாலோ, மீட்டர் எதையுமே காட்டாவிட்டாலோ, மாற்ற வேண்டியது அதை மட்டும்தான். சென்சார் நன்றாக இருந்தும் குறியீடு போகவில்லை என்றால், போர்டில் அது செருகியிருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கதகதப்பான இடம் என்பதால் கரப்பான்கள் உள்ளே குடியேறுகின்றன. அவற்றின் எச்சம் ஈரத்தோடு சேர்ந்து, இரண்டு பின்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி செய்துவிடும். அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்துக் காய வைத்தாலே சரியாகிவிடும் போர்டுகள் உண்டு.

அதே குறியீடு, பத்து நிமிடம் நன்றாக ஓடிய பிறகு வந்தால் கதை வேறு. உண்மையிலேயே சூடாகிறது. அடுப்பின் அடியில் இருக்கும் ஃபேன் கீழேயிருந்து காற்றை இழுக்கிறது. மேடை அழுக்காகக் கூடாது என்று நாம் அதற்குக் கீழே செய்தித்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ போடுகிறோம். அது ஃபேனில் போய் ஒட்டி மூச்சை அடைத்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஃபேன் மெதுவாகச் சுற்றுவதும் நடக்கும். இன்னொரு பழக்கம், சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுவது. அடுப்பில் உள்ள பட்டனை அணைத்தால் ஃபேன் இன்னும் சிறிது நேரம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றும். சுவரில் அணைத்தால் அதுவும் நின்று, சூடெல்லாம் போர்டிலேயே தங்கிவிடும். தயவுசெய்து அந்த ஒரு நிமிடம் காத்திருங்கள்.

வோல்டேஜ் குறைவு என்று காட்டினால், மின்வாரியத்தைக் குறை சொல்வதற்கு முன் சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்கள், அடுப்பை அணைத்துச் சுவர் சுவிட்சையும் அணைத்த பிறகு. 2000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். நிறைய வீடுகளில் மாற்றுப் பிளக் வைத்து 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். பிளக் சூடாக இருந்தாலோ, பின்கள் கருத்திருந்தாலோ, பழுது அங்கேதான். அடுப்பு ஓடாதபோது 225 வோல்ட் காட்டும் சாக்கெட், அது ஓடும்போது 180க்கு இறங்கினால், வயரிங்கிலோ இணைப்பிலோ தளர்வு இருக்கிறது என்று அர்த்தம். இதை எலக்ட்ரீஷியன் அளந்து சொல்லட்டும். போர்டை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீராது.

விளக்கு எரிகிறது, சத்தம் வருகிறது, ஆனால் சூடாகவில்லை என்றால் முதலில் பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பாத்திரம்தான் பொருந்தவில்லை. ஒட்டியும் சூடாகவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே போவதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் போர்டு, நேரடியாக மெயின் மின்சாரத்தோடு இணைந்தது. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பிரித்திருக்க மாட்டார்கள். சிப்புக்குப் போவது 5 வோல்ட்தானே என்று தொட்டால்கூட ஷாக் அடிக்கும். சென்சார் வயரும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழகாதவர்கள் திறக்க வேண்டாம்.

பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஃபியூஸ் கருகிப் போயிருந்தால் அநேகமாக ஐ.ஜி.பி.டி.யும் பிரிட்ஜும் ஷார்ட் ஆகியிருக்கும். ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றி ஆன் செய்யவே கூடாது. ஐ.ஜி.பி.டி. தானாகச் சாவது குறைவு, அதைக் கொன்றது எது என்று தேட வேண்டும். காயிலோடு சேர்ந்திருக்கும் 0.3 மைக்ரோ ஃபேரட் கெப்பாசிட்டரின் அளவு குறைந்திருக்கிறதா, ஐ.ஜி.பி.டி.யை இயக்கும் 18 வோல்ட் சரியாக வருகிறதா, வோல்டேஜை அளக்கும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்கள் ஓப்பன் ஆகியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.

இவ்வளவும் பார்த்த பிறகு போர்டையே மாற்றத்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், கழற்றிய பழைய போர்டைக் காட்டச் சொல்லுங்கள், எந்தப் பாகம் போனது என்று கேளுங்கள். எல்லா அடுப்புக்கும் பொருந்தும் என்று விற்கும் பொதுவான போர்டைப் போடுவதாக இருந்தால், உங்கள் காயிலுக்கும் சென்சாருக்கும் அது ஒத்துவருமா என்றும் கேளுங்கள். சென்சார் வகை மாறினால் புது போர்டும் அதே குறியீட்டைக் காட்டக்கூடும். கடையிலேயே ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து, கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.